கிரயத்துக்கு முந்திய 48 மணி நேரம்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒருவர் வீடு வாங்க எண்ணி, விலை பேசி முடித்து, ஒப்பந்தத்தில் கையொப்பமும் இட்டுவிட்டாரென்றாலும், அந்த வீடு அன்றே அவருக்குச் சொந்தமாகிவிடுவதில்லை. கிரயம் நிறைவேறுவதற்கு முன் சில நாட்கள் தவணை உண்டு. அந்தத் தவணைக்குள் அவர் தமக்கு நம்பிக்கையான பரிசோதகர் ஒருவரை அழைத்து வந்து, கூரையையும் அஸ்திவாரத்தையும், மின்சாரக் கம்பிகளையும், சாக்கடைக் குழாய்களையும், மரச்சட்டங்களைக் கறையான் அரித்திருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். இவையெல்லாம் கண்ணுக்குப் புலப்படும் குறைகள். அல்லது, தேடினால் அகப்படக்கூடிய குறைகள். இவற்றோடு கூடப் பல மாநிலங்களில் இன்னொரு காரியமும் நடைபெறுகிறது. பரிசோதகர் வீட்டின் நிலவறைக்குள் இறங்கிச் சென்று, சன்னலையும் வாயிலையும் விட்டு விலகி ஒரு முக்காலியை இட்டு, அதன்மேல் உள்ளங்கை அகலமுள்ள தகர டப்பா ஒன்றை வைத்து, மூடியைத் திறந்துவிட்டுப் போய்விடுகிறார். டப்பாவுக்குள் இருப்பது பொடித்த கரி. இரண்டு நாட்கள் கழித்துத் திரும்பி வந்து, மூடியைப் போட்டு, விளிம்பைச் சுற்றிப் பசைநாடாவை ஒட்டி, திறந்த நேரத்தையும் மூடிய நேரத்தையும் தாளில் குறித்து, தாமதியாமல் அன்றைய தபாலிலேயே ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார். தாமதிக்கக்கூடாது என்பதற்குத் தக்க காரணம் இருக்கிறது: அந்தக் கரி பிடித்து வைத்திருக்கும் பொருள், வழியிலேயே அழிந்துகொண்டிருக்கும் பொருள்.

அதன் பெயர் ரேடான். நிறமோ மணமோ சுவையோ அற்ற இந்த வாயுவின் பூர்வோத்தரத்தை அறிய வேண்டுமானால் பூமியின் வயதிலிருந்து தொடங்க வேண்டும். பாறைகளிலும் மண்ணிலும் ஏறக்குறைய எவ்விடத்தும் சிறிதளவு யுரேனியம் கலந்திருக்கிறது; அதில் பாதி அழிவதற்கே சுமார் 450 கோடி ஆண்டுகள் வேண்டும். அவ்வாறு மெல்ல மெல்ல அழியும் யுரேனியம், ஒன்றன்பின் ஒன்றாக வேறு பல தனிமங்களின் உருவை எடுத்து ரேடியமாகிறது. 1600 ஆண்டு அரை ஆயுள் உடைய அந்த ரேடியம் அழியும்போது பிறப்பது ரேடான். இந்த வம்சத்தில் அதற்கு முன்னே உள்ளவையும் பின்னே உள்ளவையும் திடப்பொருள்களாகிய உலோகங்கள். அவை பிறந்த பாறையிலேயே கட்டுண்டு கிடக்க, ஹீலியம், நியான் முதலியவற்றின் குலத்தைச் சார்ந்ததும், எந்தப் பொருளோடும் எளிதில் கூடாததுமான இந்த ஒன்று மட்டும் வாயு வடிவம் பெற்று, மண் துகள்களின் இடுக்குகளில் நுழைந்து நடமாடுகிறது. நடமாட்டத்துக்குக் காலவரையறை உண்டு, 3.8 நாட்களில் அதில் பாதி மறைந்துவிடும். 1899-இல் தோரியத்திலிருந்து இத்தகைய வாயு வெளிப்படுவதை ரூதர்ஃபோர்டும் ஓவன்ஸும் கண்டார்கள். அடுத்த ஆண்டு ஜெர்மானியராகிய டார்ன், ரேடியத்திலிருந்தும் அவ்வாறே வாயு கிளம்புவதைக் கண்டார்.

சுவாசித்த ரேடானில் பெரும்பகுதி உள்ளே போனவாறே வெளியே வந்துவிடுகிறது. தீங்கு செய்வது ரேடான் அன்று. அது அழியும்போது உண்டாகும் பொலோனியம். உலோகத் துகளாகப் பிறக்கும் பொலோனியம் காற்றிலுள்ள தூசியில் ஒட்டிக்கொண்டு, மூச்சுக் குழல்களின் சுவரில் போய்ப் படிந்துவிடுகிறது. படிந்த சில நிமிஷங்களுக்குள் ஆல்பாத் துகளை வீசிக்கொண்டு தானும் அழிகிறது. ஆல்பாத் துகள் ஒரு காகிதத்தைக்கூடத் துளைத்துச் செல்லமாட்டாத பலவீனமுடையது. நம் தோலின் மேற்பரப்பில் இருக்கும் உயிரற்ற படலமே அதைத் தடுத்து நிறுத்திவிடும். ஆனால் நுரையீரலின் உட்புறத்தில் அத்தகைய கவசம் ஏதும் இல்லை. அங்கே உயிரணுக்கள் நேரே அதன் எதிரில் இருக்கின்றன. அதன் சக்தி முழுவதும் மயிரிழையின் பருமன்கூட இல்லாத தூரத்துக்குள் செலவாகி, உயிரணுவின் மையத்திலுள்ள மரபுப் பொருளைச் சிதைத்துவிடுகிறது. சிதைவு பெரும்பாலும் செப்பனிடப்பட்டுவிடுகிறது. எப்பொழுதோ ஒரு முறை, செப்பனிடப்படாமல் எஞ்சுவது புற்றுநோயாக முளைக்கிறது.

இந்த அபாயத்தை முதலில் அனுபவித்தவர்கள் வீடுகளில் வசித்தவர்கள் அல்லர், சுரங்கங்களில் உழைத்தவர்கள். ஜெர்மனியில் ஷ்னீபெர்க் என்னும் ஊரின் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டிய நெஞ்சுநோய் நூற்றாண்டுகளாகப் பேர்போனது. அது நுரையீரலில் தோன்றும் புற்றே என்று 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் எடுத்துக் காட்டினார்கள். சுரங்கத்தில் உள்ளது சுரங்கத்தோடு போகும் என்ற எண்ணம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நிலைத்திருந்தது. அந்த எண்ணத்தைக் கலைத்த சம்பவம் 1984 டிசம்பர் மாதத்தில், பென்ஸில்வேனியா மாநிலத்தில் நிகழ்ந்தது.

அங்கே லிமெரிக் என்னுமிடத்தில் ஓர் அணுமின் நிலையம் கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. ஊழியர்களின் உடம்பிலோ உடையிலோ கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று அறிவிக்கும் கருவிகளை வாயிலில் நிறுவியிருந்தார்கள். ஸ்டான்லி வாட்ரஸ் என்னும் பொறியாளர் அவற்றைக் கடக்கும்போதெல்லாம் அபாய மணி ஒலித்தது. நிலையம் மின்சாரம் உற்பத்தி செய்யவே தொடங்காத காலம் அது. ஆகவே அங்கிருந்து அவர்மீது எதுவும் படிந்திருக்க இயலாது. ஒரு நாள் அவர் வேலைக்கு வந்தவுடனேயே, நிலையத்தின் உள்ளே போகாமல், நேராக அந்தக் கருவியின் முன் போய் நின்றார். அப்போதும் மணி ஒலித்தது. கதிரியக்கத்தை அவர் ஆலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வீட்டிலிருந்து ஆலைக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பது அவ்விதம் தெளிவாயிற்று. அவருடைய வீட்டுக் காற்றை அளந்தபோது லிட்டருக்குச் சுமார் 2700 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் ஓர் அலகு) ரேடான் இருந்தது. இன்று அந்நாட்டு அரசாங்கம் நிவாரணம் செய்யும்படி யோசனை கூறும் அளவாகிய 4 பிகோகியூரியைப் போல் அறுநூறு மடங்குக்கும் மேல். குடும்பத்தார் உடனே வீட்டைவிட்டு வெளியேறினார்கள். நான் இச்சம்பவத்தில் மிகவும் முக்கியமாகக் கருதுவது இந்தப் பெரிய எண்ணை அன்று. சற்றே தள்ளியிருந்த அண்டை வீட்டில் அளந்தபோது அங்கே குறிப்பிடத்தக்க ரேடான் எதுவும் காணப்படவில்லை என்பதையே.

ரெடிங் என்னும் நகரத்தின் அருகே தொடங்கி, நியூஜெர்சியின் வடபகுதி வழியாக நியூயார்க் வரை நீளும் ஒரு பழம்பாறைத் தொடரின்மேல் அந்த வீடுகள் அமைந்திருந்தன. அத்தொடரின் பாறைகளில் யுரேனியம் மிகுதி. ஆயினும் அது எங்கும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் செறிந்தும் பத்தடி தள்ளி அருகியும் காணப்படும். மண்ணின் நெகிழ்ச்சி, பாறையின் பிளவுகள், கான்கிரீட் தளத்தின் விரிசல், குழாய்கள் தரையைத் துளைத்து நுழையும் இடங்களில் விட்ட சந்து, நிலத்தடி நீரை வெளியேற்றத் தோண்டிய குழி என்ற பல காரணங்கள் கூடி, ஒரு வீட்டின் ரேடானை நிர்ணயிக்கின்றன. ஆதலால் வரைபடத்தைப் பார்த்தோ, பக்கத்து வீட்டாரைக் கேட்டோ ஒரு வீட்டின் நிலையைச் சொல்ல இயலாது. அயோவா மாநிலத்தின் 99 மாவட்டங்களையும் அதிக ரேடான் பிரதேசம் என்று அரசாங்க வரைபடம் காட்டுகிறது. அங்கேயும் குறைந்த அளவுள்ள வீடுகள் உண்டு. குறைந்த பிரதேசம் என்று குறித்த இடங்களிலும் மிகுந்த அளவுள்ள வீடுகள் அகப்பட்டிருக்கின்றன.

வீடு ஏன் இந்த வாயுவைத் தன்னுள் ஏற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. ரேடான் காற்றைவிட ஏழரை மடங்கு கனமானதாகையால் அது தானே கீழே தங்கிவிடுகிறது என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. லிட்டருக்கு 4 பிகோகியூரி என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் விநாடிக்கு 148 அணுக்கள் அழிகின்றன என்று பொருள்; அதற்கு அக்காற்றில் இருக்க வேண்டிய ரேடான் அணுக்கள் சுமார் ஏழு கோடி. ஏழு கோடி என்பது பெரிய தொகையாகத் தோன்றினாலும், அதே கன மீட்டரிலுள்ள காற்று மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 25-க்குப் பின் 24 சுழிகளை இட்டாலொழிய எழுத முடியாதது. அத்தனை பெரிய கூட்டத்தின் நடுவே சிக்கிய இந்தச் சிலவற்றின் கனம் எதையும் தீர்மானிக்க வல்லது அன்று. தீர்மானிப்பது காற்றின் அழுத்தம். குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடேறிய காற்று மேலெழுந்து, மாடியின் இடுக்குகள் வழியாக வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குக் கீழ்ப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவை நிரப்ப, இளநீரில் குழலை இட்டு உறிஞ்சுவதுபோல், வீடு தன் அடியிலுள்ள மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. சுற்றிலுமுள்ள நிலம் உறைந்து இறுகியிருக்கும் மாதங்களில், மண்ணின் காற்றுக்கு உறையாத ஒரே வழி வீட்டின் அடியில்தான் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் மார்கழியில் காணும் அளவு ஆனியில் காணும் அளவைவிட அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணம். நம் நாட்டு வீடுகளில் நிலவறை அபூர்வம். சன்னல்களும் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் நிறைந்திருந்தாலும், அதிலிருந்து பிறக்கும் வாயுவின் அரை ஆயுள் 55 விநாடிதான்; பெரும்பகுதி மண்ணைவிட்டு வெளிவருவதற்குள் மடிந்துவிடுகிறது. ஆயினும், வேலையின் பொருட்டு நியூஜெர்சியிலும் பென்ஸில்வேனியாவிலும் குடியேறி அங்கேயே வீடு வாங்கும் தமிழர்கள் பலர். அவர்கள் இந்த விஷயத்தை அறிந்துகொள்வது அவசியம்.

அபாயத்தின் அளவைப் பற்றி விஞ்ஞானிகளிடையே ஒரு காலத்தில் விவாதம் இருந்தது. சுரங்கத் தொழிலாளரைக் கொண்டு கணித்ததை இல்லத்தரசிக்கும் குழந்தைக்கும் பொருத்துவது தகுமா என்று கேட்டவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு விடையாக, ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் வீடுகளிலேயே செய்த 13 ஆய்வுகளை ஒன்று சேர்த்து ஆராய்ந்தவர்கள் 2005-இல் முடிவை வெளியிட்டார்கள்: கன மீட்டருக்கு 100 பெக்கெரல் (விநாடிக்கு ஓர் அணு அழிவது ஒரு பெக்கெரல்) கூடும்தோறும் நுரையீரல் புற்றின் வாய்ப்பு நூற்றுக்கு 16 வீதம் கூடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அந்நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 21,000 பேர் ரேடானால் நேரும் நுரையீரல் புற்றில் மடிவதாக மதிப்பிடுகிறது. 4 பிகோகியூரி உள்ள வீட்டில் வாழ்நாள் முழுதும் வசிக்கும் ஆயிரம் பேரில், புகைபிடியாதவர்களாயின் ஏறத்தாழ 7 பேரும், புகைபிடிப்பவர்களாயின் 62 பேரும் இந்நோய்க்கு ஆளாகலாம் என்பது அம்முகமையின் கணக்கு. உலக சுகாதார நிறுவனம் இன்னும் கண்டிப்பாக, 100 பெக்கெரலையே, அதாவது 2.7 பிகோகியூரியையே, இலக்காகக் கொள்ளும்படி 2009-இல் யோசனை கூறியது. 4 என்பது அபாயமில்லாத நிலைக்கும் அபாயத்துக்கும் நடுவே இட்ட கோடு அன்று. சிரமமின்றிக் குறைக்கக்கூடியதும் அளக்கக்கூடியதுமான ஒரு நிலையை நிர்வாகத்தார் தேர்ந்தெடுத்தார்கள், அவ்வளவுதான். 3.8 வந்துவிட்டது என்று ஆனந்தப்படுகிறவரும், 4.1 வந்துவிட்டது என்று ஒப்பந்தத்தைக் கிழித்தெறிகிறவரும் ஒரே பிழையைச் செய்கிறார்கள்.

புலன்களுக்கு எட்டாத இந்த வாயுவை, நோயின்றிக் குடியிருக்கும் ஒருவர் தாமாக நினைத்து அளந்து பார்ப்பது அரிது. வீடு கைமாறும் வேளையில், பணத்தைக் கொடுப்பவருக்கு இயல்பாக எழும் ஜாக்கிரதையே பெரும்பாலான வீடுகளில் முதற் பரிசோதனைக்குக் காரணமாகிறது. அவ்வகையில் கிரயம் ஒரு நல்ல சந்தர்ப்பம். ஆனால் அதே சந்தர்ப்பம் அளவைக்கு மிகவும் பாதகமானதும் ஆகும் என்பது என் துணிபு. தவணையோ சில நாட்கள். ஆகவே பரிசோதனையை 48 மணி நேரத்தில் முடிக்க வேண்டியிருக்கிறது. அந்த 48 மணி நேரமும், அதற்கு முந்திய 12 மணி நேரமும், போக்குவரத்துக்கு ஒழிய வாயிற்கதவையும் எந்தச் சன்னலையும் திறக்கக்கூடாது என்பது விதி. விதியைக் காக்க வேண்டியவர் யார்? எண் குறைவாக வந்தால் லாபமடையும் விற்பவர். அவர்தான் அந்த வீட்டில் அப்போது குடியிருக்கிறார். பெரும்பாலோர் நேர்மையாகவே நடக்கிறார்கள். எனினும், மணிக்கு ஒரு முறை அளவைப் பதிவுசெய்யும் மின்னணுக் கருவிகள் இப்போது பல இடங்களில் டப்பாவின் இடத்துக்கு வந்துவிட்டதற்கு அந்தச் சந்தேகமும் ஒரு காரணம். அக்கருவி வரைந்த கோட்டில் சில வேளைகளில் கதையொன்று எழுதப்பட்டிருக்கும்: மாலை வரை ஏறி நின்ற கோடு, இரவு பத்து மணிக்குச் சடுதியில் சரிந்து, அதே நேரத்தில் அறையின் வெப்பமும் சில பாகை இறங்கி, விடியற்காலையில் இரண்டும் பழைய நிலைக்கு ஏறியிருந்தால், யாரோ நிலவறைச் சன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை.

நேர்மைக்குக் குறைவே இல்லாத இடத்திலும், இரண்டு நாள் அளவை என்பது ஆண்டின் ஒரு துணுக்கே. கடும் மழைக்குப் பின் ஓர் எண் வரும்; பலத்த காற்றுக்குப் பின் வேறோர் எண் வரும். உண்மையான அளவையைத் தருவது மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருக்கும் ஆல்பாத் தடக் கருவி. அதன் உள்ளே இருப்பது நகத்தளவான ஒரு பிளாஸ்டிக் துண்டு. வந்து மோதும் ஒவ்வோர் ஆல்பாத் துகளும் அதில் கண்ணுக்குத் தெரியாத வடுவை உண்டாக்கும். காலம் முடிந்தபின் அதை எரிசோடாக் கரைசலில் ஊறவைத்தால், வடுக்கள் அரித்துப் பெருகிச் சின்னஞ்சிறு குழிகளாகும். அவற்றை நுண்ணோக்கியின் கீழே வைத்து ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஒரு குடும்பம் ஓராண்டு சுவாசித்த காற்றின் சரித்திரம் அந்தத் துண்டில் பதிந்திருக்கிறது. விற்க வேண்டுமென்ற எண்ணம் எழுவதற்கு முன்பே இதை வைத்து அளந்து, மிகுதியாக இருந்தால் நிவாரணமும் செய்து, அந்தத் தாள்களை வாங்குபவர் கையில் கொடுக்கும் விற்பவர், தமக்கும் வாங்குபவருக்கும் பெரிய உபகாரம் செய்தவராவார். விலைப்பேச்சின் நெருக்கடியில் வந்த எண் சச்சரவை வளர்க்கும். முன்னமே வந்த எண் வீட்டின் பராமரிப்புக் கணக்கில் ஒரு வரியாக அடங்கிவிடும்.

எண் உயர்ந்து வந்தால் வீட்டைக் கைவிட்டு ஓடவேண்டியதில்லை. வீட்டில் காணக்கூடிய கேடுகளில் இவ்வளவு சுலபமாகவும் நிச்சயமாகவும் தீர்க்கக்கூடியது மிகக் குறைவு. அஸ்திவாரம் அமிழ்ந்துவிட்டால் அதைச் சீர்செய்யும் செலவு குடும்பத்தையே அசைத்துவிடும். ரேடானை நீக்கும் செலவோ வழக்கமான வீட்டில் ஆயிரம் இரண்டாயிரம் டாலருக்குள் அடங்குவது. விற்பவரே செய்து தருவதா, விலையில் தள்ளிக் கொடுப்பதா என்பது இருவரின் சம்மதத்தைப் பொறுத்தது. நான் வாங்குபவராயின் விலையில் தள்ளுபடியை ஏற்று, வேலையை என் பொறுப்பிலேயே செய்வித்துக்கொள்வேன். ஏனெனில், கிரயத் தேதிக்குள் முடிக்கவேண்டும் என்று விற்பவர் அமர்த்தும் தொழிலாளிக்கு அந்த வீட்டில் அடுத்த இருபது ஆண்டுகள் உறங்கப்போகிறவர் யார் என்பது நினைவிராது.

வேலையின் தத்துவம் எளிது. வீடு மண்ணை உறிஞ்சுவதற்கு முன், அதைவிட வலுவாக மண்ணை உறிஞ்சும் வேறொன்றை அடியிலே வைத்துவிட வேண்டும். நிலவறையின் கான்கிரீட் தளத்தில் ஒரு துளையிட்டு, அடியிலுள்ள சரளையையும் மண்ணையும் சிறிது வாரி எடுத்து, அங்கே நாலங்குலப் பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, சுற்றிலும் அடைத்து, அதைக் கூரைக்கு மேல் கொண்டுபோகிறார்கள். இடையில் இரவும் பகலும் ஓயாமல் சுழலும் விசிறி ஒன்று. விசிறியைக் குடியிருக்கும் பகுதிக்குள் வைக்கக்கூடாது. அதற்கு மேலுள்ள குழாயில் காற்று அழுத்தத்தோடு செல்வதால், அங்கே ஒரு மூட்டு விட்டுவிட்டால், செறிந்த ரேடான் நேரே வீட்டுக்குள் பாயும். ஆகவே அதை மேற்கூரையின் அடியிலோ வெளிச்சுவரிலோ அமைப்பார்கள். துளையை எங்கே இடுவது என்று அறிவதற்கு நல்ல தொழிலாளர்கள் கையாளும் சோதனையைப் பார்க்கவேண்டும். ஒரு மூலையில் இட்ட துளையில் தூசி உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து ஓட்டிவிட்டு, மறு மூலைகளில் விரலளவு துளைகள் இட்டு, அவற்றின் வாயருகே புகைக் குச்சியைப் பிடிக்கிறார்கள். புகை வளைந்து துளைக்குள் இறங்கினால், உறிஞ்சல் தளத்தின் அடியில் அதுவரை எட்டுகிறது. நேரே மேலெழுந்தால், இடையில் ஏதோ சுவரோ களிமண்ணோ தடுக்கிறது, இன்னொரு குழாய் வேண்டும். விரிசல்களை மட்டும் பூசி அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று கூறுகிறவரை நம்பலாகாது. பூச்சு உறிஞ்சலுக்குத் துணையாகுமே தவிர, தனியே நின்று பயன் தராது.

குழாயின்மேல், கண் மட்டத்தில், வளைந்த குழலொன்றில் நிறமேற்றிய திரவம் இருக்கும். இரு புறத்தும் திரவம் ஏற்றத்தாழ்வாக நின்றால் விசிறி இழுக்கிறது; சமமாக நின்றால் நின்றுவிட்டது. நிலவறைக்கு ஏதோ எடுக்கப் போகும்போது ஒரு முறை பார்த்துவிட்டு வருவதே போதும். ஆனால் விசிறி சுழல்வதை மட்டுமே அந்தக் குழல் காட்டும். ரேடான் குறைந்ததா என்பதைக் காட்டாது. அதற்கு, வேலை முடிந்த 24 மணி நேரத்துக்குப் பின்னும் ஒரு மாதத்துக்கு முன்னும் மறுபடி அளக்க வேண்டும். குடியேறிய பின் வரும் முதற் குளிர்காலத்தில் இன்னொரு முறை. அதற்குப் பிறகு இரண்டாண்டுக்கு ஒரு தரம். நிலவறையைப் படுக்கையறையாக மாற்றினாலும், வீட்டை விஸ்தரித்தாலும் திரும்பவும். கிணற்றுநீரிலும் ரேடான் கரைந்து வருவதுண்டு. லிட்டருக்கு 10,000 பிகோகியூரி உள்ள நீரும் வீட்டுக் காற்றில் ஏறத்தாழ ஒரு பிகோகியூரியையே கூட்டுகிறது என்பதால், முதலில் மண்ணையே கவனிப்பது முறை.

சட்டம் இவ்விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. இல்லினாய் 2008-இலும் மின்னசோட்டா 2014-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டங்களின்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த ரேடான் அளவைகளை வாங்குபவரிடம் எழுத்து மூலமாக அறிவிக்க வேண்டும். அளந்தே ஆகவேண்டும் என்று அவை கட்டளையிடவில்லை. அளக்காதவருக்கு அறிவிக்க எதுவும் இல்லை என்ற குறையை அச்சட்டங்கள் அப்படியே விட்டுவைத்திருக்கின்றன. அதை நிரப்பவேண்டியது வாங்குபவரின் வேண்டுகோள்தான். ஒப்பந்தத்தில் ரேடான் பரிசோதனையை நிபந்தனையாக எழுதிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மின்னசோட்டா 2009 முதல் வேறு விதி செய்தது: தளத்தின் அடியில் சரளை பரப்பி, பிளாஸ்டிக் விரிப்பை இட்டு, கூரை வரை ஒரு குழாயைக் கட்டும்போதே வைத்துவிட வேண்டும். விசிறி இல்லாமல், சூடான காற்று மேலெழும் இயல்பாலேயே அது ஓரளவு இழுக்கும். அத்தகைய புது வீட்டை வாங்குகிறவரும், குழாய் இருக்கிறதே என்று அளக்காமல் விடலாகாது; அளவு 4-ஐத் தாண்டினால், மேற்கூரையின் அடியில் அந்தக் குழாயிலேயே ஒரு விசிறியைப் பொருத்திவிடலாம், தளத்தைத் துளைக்கும் வேலை மிச்சம்.